மழைக்கு முன் வரும் குளிர்காற்று எங்கிருந்து வருகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கடல் பக்கமிருந்து சில்லென்று ஒரு காற்று அடிக்கிறது. ஆனால் கடலில் கால் வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது?”

மிகச் சரியான இடத்தில் விழுந்த கேள்வி. கொழும்புக்கு முன்னாலுள்ள கடல்நீர் 27 பாகை செல்சியஸுக்குக் கீழே போவது அரிது. அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று 23 பாகையில் நம் முகத்தில் அடிக்க வழியே இல்லை. கடல் திசையிலிருந்து வந்தாலும் அது கடலின் காற்று அல்ல. சற்று முன்புதான் மேகத்திலிருந்து விழுந்த காற்று.

மேகம் உருவாகும் கதை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். ஈரக் காற்று மேலெழுகிறது, குளிர்கிறது, நீராவி ஒடுங்கித் துளியாகிறது, துளி பெருத்து விழுகிறது. பாடப்புத்தகம் அத்தோடு நின்றுவிடும். எனக்குப் பிடித்த பகுதியோ அங்கேதான் தொடங்குகிறது: விழும் துளி காற்றை என்ன செய்கிறது?

துளிகள் காற்றைத் தங்களோடு கீழே இழுக்கின்றன என்று பலரும் நினைப்பார்கள். அது உண்மைதான், ஆனால் சிறு பகுதிதான். ஒரு கிலோ காற்றை எடுத்துக்கொள்வோம். அது ஒரு கன மீற்றருக்குச் சற்றுக் குறைவான இடத்தை நிரப்பும். அதில் ஒரு கிராம் மழைத்துளி இருந்தால் பாரம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுகிறது. சரி, அந்த ஒரு கிராமும் ஆவியாகிவிட்டால்? ஆவியாக ஏறத்தாழ 2,500 யூல் மறைவெப்பம் வேண்டும். அதை அந்தக் காற்றிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஒரு கிலோ காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை மாற்ற ஏறத்தாழ 1,000 யூல் போதும். ஆகவே காற்று 2.5 பாகை குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று சுருங்கும். சுருங்கினால் அடர்த்தி கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆயிரத்தில் எட்டுப் பங்கு! நீராவி காற்றைவிட இலேசானது என்பதால் அதில் சிறிது கழியும்; கழித்தாலும் ஏழுக்கு மேல் நிற்கும். அதாவது, நீரைத் துளியாகச் சுமக்கும் காற்றைவிட, அதே நீரை ஆவியாக்கிய காற்று பல மடங்கு வேகமாகக் கீழே போக விரும்புகிறது.

இதில் ஒரு தடையும் உண்டு. இறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடாகும், கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை. தனியாக விட்டால் கொஞ்ச தூரத்திலேயே சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகி நின்றுவிடும். ஆனால் மழை அதைத் தனியாக விடுவதில்லை. கூடவே விழும் துளிகள் வழியெல்லாம் ஆவியாகி, ஏறும் வெப்பத்தைத் தின்றுகொண்டே வருகின்றன. துளி இருக்கும்வரை காற்று குளிராக இருக்கும். குளிராக இருக்கும்வரை விழுந்துகொண்டே இருக்கும். மேகத்துக்கு அடியில் உலர்ந்த காற்று இருந்தால் ஆவியாதல் கூடி, விழும் வேகமும் கூடும். காலிமுகத்திடலில் நின்று தூரத்து மேகத்திலிருந்து தொங்கும் மழைத்திரை தரையைத் தொடாமல் பாதியில் கரைவதைப் பார்த்திருந்தால், அங்கே காற்று வேகமெடுத்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விழுந்த காற்று தரைக்குள் புக முடியாது. சீமெந்துத் தரையில் கவிழ்த்த வாளித் தண்ணீர் போல நாலாபக்கமும் ஓடும். அந்த ஓட்டத்தின் முன்விளிம்பு மழையை முந்திக்கொண்டு வரும். வாசகி கேட்ட சில்லென்ற காற்று அதுதான்.

இந்தக் காற்று எவ்வளவு கொடியதாக முடியும் என்பதைக் கண்டுபிடித்தவர் டெட் புஜிட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. 1945இல் குண்டு விழுந்த நாகசாகிக்கு அவர் போயிருந்தார். ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைக்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில், புயல் போன பாதையை விமானத்திலிருந்து ஆராய்ந்தபோது அதே கோலத்தைக் காட்டில் கண்டார். 1975 ஜூன் 24 அன்று நியூயோர்க்கில் தரையிறங்கவிருந்த விமானம் ஒன்று இடிமழையில் விழுந்து 113 பேர் இறந்தபோது, மேலிருந்து விழுந்து விரிந்த காற்றே அதற்குக் காரணம் என்றார். பல நிபுணர்கள் ஏற்கவில்லை. 1978இல் சிகாகோ அருகே டொப்ளர் ராடார்களை வைத்துத் தேடினார். அப்படி விழுந்து விரியும் காற்றுகள் ஏறத்தாழ ஐம்பது அகப்பட்டன.

டொப்ளர் ராடார் மழை எங்கே இருக்கிறது என்பதோடு, துளிகள் எந்த வேகத்தில் நெருங்குகின்றன, விலகுகின்றன என்பதையும் காட்டும். இலங்கையில் தெனியாயப் பக்கம் கொங்கலை மலையில் அப்படி ஒன்றை நிறுவ எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 2017இல் ஜப்பானிய உதவியோடு புத்தளத்துக்கும் பொத்துவிலுக்கும் இரண்டு ராடார்களுக்கு உடன்பாடு கையெழுத்தானது. இடைப்பட்ட காலத்தில், 2013 ஜூனில், தென்மேற்குக் கடலில் திடீரென எழுந்த காற்றில் ஒரே இரவில் நாற்பதுக்கு மேற்பட்ட மீனவர்கள் மாண்டார்கள். அதைக் கடலன்னையின் கோபம் என்றும் விதி என்றும் சொல்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். துக்கத்தில் சொல்வதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காற்றைப் பார்க்கும் கருவிக்குக் காசு ஒதுக்குவது தீவு நாட்டுக்கு ஆடம்பரமல்ல, அரிசி பருப்பு போன்ற செலவு.

அப்புறம், எல்லா மழைக்கும் இந்தக் குளிர்காற்று வருவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் நாள் முழுவதும் நசநசவென்று பெய்யும் மழையில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும். துளி ஆவியாக இடமில்லை. அப்போது வரும் பலத்த காற்றுக்குக் காரணம் வேறு. ஒன்று முதல் ஒன்றரை கிலோமீற்றர் உயரத்தில் அரபிக்கடலைக் கடந்து வரும் மேல்காற்று, கடலோடும் கட்டடங்களோடும் உரசாததால் தன் வேகத்தை இழக்காமல் ஓடுகிறது. கனமழை இறங்கும்போது அந்த வேகத்தையும் சேர்த்துத் தரைக்குக் கொண்டுவருகிறது. அதில் குளிர் குறைவு, திசை ஏறத்தாழ எப்போதும் மேற்கு.

ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பிற்பகலில் வரும் இடிமழைதான் முதலில் சொன்ன குளிர்காற்றைத் தரும் வகை. மேகம் கடலுக்கு மேலல்லாமல் உள்நாட்டுப் பக்கம் உருவாகி, காற்று கிழக்கிலிருந்துகூட வரலாம். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் கனமழைக்கிடையே மரம் ஒன்று பஸ்மீது விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஊறிய மண்ணில் நிற்கும் பழைய மரத்துக்குச் சில நிமிடக் காற்றே அதிகம். ஆகவே காற்றின் திசை சட்டென்று மாறி உடம்பு சிலிர்த்தால், மழைக்கு ஒதுங்க மரத்தடியைத் தேடாதீர்கள். முதல் துளி விழுமுன்பே ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.