ஜி-ஏ-ஜி: ஓர் எழுத்து மாறும்போது புரதத்தில் நிகழ்வது என்ன?

இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்த புரதம். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியில் எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதை டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளே தீர்மானிக்கின்றன. மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டபின், செல்லில் புரதத்தைக் கட்டும் அமைப்பான ரிபோசோம் அதை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும், அதாவது ஒவ்வொரு கோடானுக்கும், உரிய அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகிறது.

பீட்டா சங்கிலியின் ஆறாவது கோடான் ஜி-ஏ-ஜி. அது குறிப்பது குளுட்டமிக் அமிலம். இந்த மூன்று எழுத்துகளில் ஏதேனும் ஒன்று மட்டும் மாறுவதாகக் கொண்டால் ஒன்பது மாற்றங்களுக்கு வாய்ப்பு உண்டு. கடைசி எழுத்து ஏ ஆனால் புரதத்தில் எந்த மாற்றமும் இராது, ஏனெனில் ஜி-ஏ-ஏ என்பதும் குளுட்டமிக் அமிலத்தையே குறிக்கிறது. 64 கோடான்களில் நிறுத்தத்தைக் குறிக்கும் மூன்று போக, எஞ்சிய 61 கோடான்கள் 20 அமினோ அமிலங்களைப் பங்கிட்டுக்கொள்வதால் இத்தகைய ஓசையற்ற பிறழ்வுகள் நேர்கின்றன. முதல் எழுத்து டி ஆனாலோ கிடைப்பது டி-ஏ-ஜி என்னும் நிறுத்தக் கோடான்; சங்கிலி ஐந்து அமினோ அமிலங்களோடு அறுந்துவிடும். இத்தாலியின் சார்டினியா தீவில் பரவலாக உள்ள பீட்டா தலசீமியாவுக்கு (பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாததால் வரும் பரம்பரை இரத்தசோகைக்கு), 39ஆவது கோடானில் இவ்வாறே தோன்றிய ஒரு நிறுத்தம்தான் காரணம்.

எஞ்சிய ஏழும் வேறொரு அமினோ அமிலத்தைக் கொண்டுவருபவை. அவற்றுள் நடு எழுத்தான ஏ, டி ஆக மாறுவதே மிகக் கொடியது. குளுட்டமிக் அமிலம் எதிர் மின்னூட்டம் கொண்டது, நீரை நாடுவது. அதன் இடத்தில் வந்து அமரும் வாலின் மின்னூட்டமற்றது, நீரை வெறுப்பது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழக்கும்போது, புறப்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த வாலின், பக்கத்து மூலக்கூறில் உள்ள நீர்வெறுக்கும் குழிவொன்றில் பொருந்திவிடுகிறது. ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. இதுவே அரிவாள் செல் நோய். 1949இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழுவினர் இது ஹீமோகுளோபின் மூலக்கூறின் நோய் என்று காட்டினர். 1957இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம், அத்தனை வேறுபாடும் ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான் என்று நிறுவினார். மரபணுவின் எழுத்துகளைப் படிக்க வழியே இல்லாத காலத்தில் புரதத்தைத் துண்டுதுண்டாக்கி அவர் இதைக் கண்டது, உயிரியலின் மிகச் சிறந்த ஆய்வுகளுள் ஒன்று என்பேன். நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் பண்பு இருப்பது 1952இலேயே பதிவாகியிருந்தது.

அதே கோடானின் முதல் எழுத்து ஏ ஆகி லைசின் வந்தால் உண்டாவது ஹீமோகுளோபின்-சி. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் இலேசான இரத்தசோகையே ஏற்படுகிறது. ஆக, மாற்றம் எந்த இடத்தில் என்பதோடு, புதிதாக வந்த அமிலத்தின் இயல்பு என்ன என்பதையும் சேர்த்தே விளைவைக் கணிக்க வேண்டும்.

எழுத்து மாறாமல் விடுபட்டுப் போனால் கதை வேறு. இதே ஜி-ஏ-ஜியின் ஏ நீங்கினால் அதற்குப் பிந்திய எழுத்துகள் அனைத்தும் ஓரிடம் முன்னகர்ந்து, ஆறாவது இடத்திலிருந்து தொடர்பே இல்லாத அமினோ அமிலங்கள் வரத் தொடங்குகின்றன. 18ஆவது இடத்தில் டி-ஜி-ஏ என்னும் நிறுத்தக் கோடான் புதிதாக உருவாகி, சங்கிலி முடிந்துவிடுகிறது. மத்தியதரைக்கடல் பகுதியினரிடம் காணப்படும் பீட்டா தலசீமியா பிறழ்வுகளுள் இதுவும் ஒன்று.

மீண்டும் எழுத்து மாற்றத்துக்கே வருவோம். ஜி-ஏ-ஜியின் நடு எழுத்து சி ஆனால் வருவது அலனின். மக்காசார் என்று பெயர் பெற்ற இந்த வகை ஹீமோகுளோபின் இழைகளாகத் திரள்வதில்லை. அரிவாள் செல் நோய்க்குக் காரணமான டியை மீண்டும் ஏ ஆக்குவது இன்றைய எழுத்துத் திருத்தும் நொதிகளுக்கு எளிதன்று. ஆனால் டியைச் சி ஆக்க அவற்றால் இயலும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் இரத்தக் குருத்தணுக்களில் (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களில்) ஜி-டி-ஜியை ஜி-சி-ஜி ஆக மாற்றி, அவற்றை எலிகளுக்குள் செலுத்தியபோது, அங்கே உருவான சிவப்பணுக்கள் அரிவாளாக வளைவது பெரிதும் குறைந்தது.