சூசொக்கை ‘நன்றி நவிலல் நாள்’ ஆக்காதீர்கள்

போன வாரம் ஒரு கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். கொரியரின் அறுவடைத் திருநாளான சூசொக்குக்கு ஊருக்கு வருவாயா என்று அம்மா மகளிடம் போனில் கேட்கிறாள். கீழே ஓடிய தமிழ் சப்டைட்டில்: “நன்றி நவிலல் நாளுக்கு வருவாயா?” இதையே எத்தனை தொடர்களில் பார்த்துவிட்டேன்! எந்த அம்மா இப்படிக் கேட்பாள்?

சொல்லின் பிறப்பு எளிதுதான். சூசொக் சீன வேரிலிருந்து வந்தது: ‘சூ’ இலையுதிர்காலம், ‘சொக்’ மாலைப்பொழுது. தனிக்கொரியப் பெயர் ஹங்காவி: ‘ஹன்’ பெரிய, ‘காவி’ நடு. சந்திர நாள்காட்டியில் 7, 8, 9ஆம் மாதங்கள் இலையுதிர்காலம். அதன் நட்டநடுவில், 8ஆம் மாதம் 15ஆம் நாள் முழுநிலாவில் இது வருகிறது. பழங்கால கொரிய அரசான சில்லாவின் மன்னன் யூரி தலைநகரப் பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு மாதம் துணி நெய்யும் போட்டி வைத்தான், அந்த நாளில் தோற்ற அணி விருந்து வைத்தது என்று 1145இல் தொகுத்த கொரிய வரலாற்று நூல் ‘சம்குக் சாகி’ சொல்கிறது. அந்த விழாவுக்குக் ‘காபே’ என்று பெயர். அதுவே காவி ஆனது என்பார்கள்.

சரி, இதில் நன்றி எங்கே இருக்கிறது? அமெரிக்கருக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் ‘கொரியாவின் தேங்க்ஸ்கிவிங்’ என்று எழுதினார்கள். தமிழில் அதையே ‘நன்றி நவிலல் நாள்’ ஆக்கிவிட்டார்கள். தேங்க்ஸ்கிவிங் 1863இல் அதிபர் லிங்கன் நாடு முழுமைக்கும் அறிவித்த நாள். 1621இல் அமெரிக்காவின் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் உண்ட விருந்தை நினைத்து, இன்று நவம்பர் நான்காம் வியாழனில் வான்கோழி சமைத்துக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்கருக்கு அந்த ஒப்புமை உதவும். நமக்கு எதற்கு? கொரியாவைப் புரிந்துகொள்ள நாம் ஏன் அமெரிக்கா வழியாகச் சுற்றிப் போக வேண்டும்? போதாததற்கு, தமிழில் ‘நன்றி நவிலல்’ என்றால் விழா அழைப்பிதழின் கடைசி வரி. அதைக் கேட்டுப் புது நெல்லும் நிலவும் யார் மனதிலும் வராது.

சூசொக் அன்று காலையில் புத்தரிசியில் சமைத்ததும் பழமும் மதுவும் வைத்து முன்னோரை வணங்குகிறார்கள். அதற்குச் ‘சாரே’ என்று பெயர். முன்னோர் கல்லறை மேட்டில் வளர்ந்த புல்லை அதற்கு முன்பே போய் வெட்டிவிட்டு வருகிறார்கள். இதற்கெல்லாம் நம்மிடம் ‘படையல்’ என்ற அருமையான சொல் இருக்கிறதே! இந்த நாளும் பெரும்பாலும் புரட்டாசியில்தான் வருகிறது, நாம் மகாளய அமாவாசைக்கு முன்னோருக்குப் படைக்கும் அதே மாதத்தில்.

சிலர் ‘கொரியப் பொங்கல்’ என்கிறார்கள். அன்பான முயற்சி. ஆனால் பொங்கல் சூரியனுக்கு, இது முழுநிலா நாள். புது நெல்லில் முதல் சோறு உண்பதை யாழ்ப்பாணத்தில் ‘புதிர்’ என்பார்கள். பொருளில் அதுதான் மிக நெருக்கம். தமிழ்நாட்டு வாசகரோ அதை விடுகதை என்று படிப்பார்.

ஆகவே பெயரைச் ‘சூசொக்’ என்றே விடுங்கள். விளக்கம் வேண்டிய இடத்தில் ‘முழுநிலாப் படையல் திருநாள்’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

அப்புறம், அதே தொடரில் அந்த அம்மா பிடித்துக்கொண்டிருந்தது சொங்ப்யொன். அரிசி மாவில் எள், பயறு பூரணம் வைத்து, அரைநிலாவாக மடித்து, பைன் இலை பரப்பி ஆவியில் வேகவைப்பது. சப்டைட்டிலில் ‘அரிசி கேக்’. கொழுக்கட்டை என்று எழுதியிருக்கலாமே!