கூடுதலாக விழுந்த மூன்று துளி

மாசி அமாவாசைக்கு எடுத்த ஓரியன் நெபுலாப் படத்தை, அதாவது ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கும் வாயு மேகத்தின் படத்தைக், குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். உயர்தரம் படிக்கும் மருமகன் உடனே கேட்டான்: "மாமா, அண்டைக்குக் கமராவில காட்டின படத்தில வெறும் சாம்பல் புகைதானே இருந்தது. இது என்ன, நீங்க கீறிப் போட்டதா?"

நியாயமான கேள்விதான். குழுவில் பதில் சொன்னால் அம்மா திட்டுவா, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, எழுவான்கரைப் பக்கம் கல்லடியில் இருந்து காத்தான்குடி வரைக்கும் ஒரே வெளிச்சம். அதனால் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய் ஒரு வயல் வட்டையோரம் ட்ரைபொட்டை நிறுத்தினேன். யானைக்காவல் பரணில் இருந்தவர், யானை விரட்டும் வெடிச்சத்தம் கேட்டால் யோசிக்காமல் ஓடிவந்து ஏறச் சொன்னார். மார்கழி, தையில் ஓரியன் நன்றாகத்தான் தெரியும், ஆனால் நமக்கு அது மழைக்காலம். மாசியில்தான் வானம் வெளிக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். அதில் சிவப்பாக மின்னுவது திருவாதிரை. அந்த நட்சத்திரத்தின் பேரில் சாதகம் பார்க்கிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், வானத்தில் எது என்று கேட்டால்தான் ஆளைக் காணோம்.

பூமி சுற்றுவதால் கமராவை நீண்ட நேரம் திறந்துவைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். 50 மில்லிமீற்றர் லென்ஸோடு 4 செக்கனுக்கு மேல் நான் போவதில்லை. ஆகவே 4 செக்கன் வீதம் 300 படம். ஒவ்வொன்றும் மருமகன் சொன்ன அதே சாம்பல் புகைதான். அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தைக் கூட்டினால் நெபுலாவோடு சேர்ந்து இரைச்சலும், அதாவது அந்தப் புள்ளிப் புள்ளிக் குப்பையும், கூடும். பிறகு எப்படித்தான் படம் வந்தது?

முற்றத்தில் தூறலுக்குள் இரண்டு பேணிகளை வையுங்கள். கமராவின் ஒவ்வொரு பிக்ஸலும் ஒரு பேணி, ஒளித்துகள்தான் மழைத்துளி. ஒரு பேணியில் சராசரியாக 100 துளி விழுகிறது. அது வெறும் வானம், இருட்டு வானத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. மற்றதில் 103. அந்த மேலதிக மூன்று துளிதான் நெபுலா. ஆனால் மழை எண்ணிப் பார்த்தா பெய்கிறது? 100 விழ வேண்டிய இடத்தில் ஒருமுறை 92 விழும், இன்னொருமுறை 109. ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும், இங்கே சுமார் 10. பத்துக்குள் மூன்றை எப்படித் தேடுவது? ஒரு படத்தில் நெபுலா காணாமல் போவது இப்படித்தான்.

இனி 300 தடவை வைத்துக் கூட்டுங்கள். முதல் பேணியில் 30,000, இரண்டாவதில் 30,900. மூன்று துளி வித்தியாசம் 900 ஆகிவிட்டது. ஏற்ற இறக்கம் எவ்வளவு? 30,000இன் வர்க்கமூலம், வெறும் 173! நெபுலா ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் இழுக்கிறது, இரைச்சல் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று தனக்குள்ளேயே அடிபட்டுக்கொள்கிறது. இப்படிப் பல படங்களை அடுக்கிக் கூட்டும் ஸ்டாக்கிங் என்பது இவ்வளவுதான். எத்தனை தடவை இந்தக் கணக்கைப் போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தின் அளவான நியமவிலகலை வகுப்பில் வெறும் சூத்திரமாகப் பாடமாக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு இரவைக் காட்டினால் என்ன? நாட்டின் விண்வெளி ஆய்வு இடமான ஆதர் சி. கிளார்க் நிலையத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி மொறட்டுவையில், கொழும்பு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இருட்டு இங்கே சும்மா கிடக்கிறது. சரி, விடுவோம்.

மற்ற வேலைகளை சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் மாதிரி இலவச மென்பொருள்களே பார்த்துக்கொள்ளும். நட்சத்திரங்களின் அமைப்பை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும். லென்ஸை மூடி எடுத்த டார்க் படங்களைக் கழிக்கும். கமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சர் சூடானால் தானாகவே புள்ளி போடும், டார்க் படத்தில் அந்தப் புள்ளிகள் மட்டும்தான் இருக்கும், நம்ம ஊர் வெக்கையில் இதைத் தவறவிடக் கூடாது. அப்புறம் ஒரு குறும்பு: ஒரு செய்மதி குறுக்கே போனது. அந்த இடத்துப் பிக்ஸலில் 299 படங்களில் 95, 104, 110 என்று இருக்க, ஒன்றில் மட்டும் 2,000. மற்றவற்றோடு ஒட்டாத அந்த எண்ணை மென்பொருள் தூக்கி எறிந்துவிடும். லென்ஸுக்கு முன்னால் பறந்த மின்மினியும் அப்படியே போய்விட்டது.

நிறம்? அந்தச் சிவப்பு, ஐதரசன் வாயு விடும் ஒளி, அலைநீளம் 656 நனோமீற்றர். மங்கலில் நிறம் பிரித்துப் பார்க்க நம் கண்ணுக்கு முடியாது, கமராவுக்கு முடியும். கடைசியில் நான் அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்லாத இடத்தில் பூசவில்லை.

"அப்ப இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாமே" என்கிறான் இப்போது. வர்க்கமூலம்தானே மருமகனே, தெளிவு இரண்டு மடங்காக வேண்டும் என்றால் படம் நாலு மடங்கு வேண்டும். 1,200 படம், ஆகக் குறைந்தது 80 நிமிடம். நான் 300ஐ முடித்துப் பையைக் கட்டும்போதே வட்டைக்கு அந்தப் பக்கம் முதல் வெடி கேட்டது.