பரிசு என்றதும் ஆர்வம் ஏன் குறைகிறது?

படம் வரையப் பிடித்த குழந்தையிடம் "வரைந்தால் பரிசு தருவேன்" என்றால் என்ன ஆகும்? இன்னும் நிறைய வரையும் என்றுதான் நினைப்போம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 1973-ல் வெளியிட்டார்கள்.

ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 51 குழந்தைகள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராமல் அதே சான்றிதழ். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் பேனாக்களைப் பொதுவாக வைத்துவிட்டு மறைவாகக் கவனித்தார்கள். பரிசே பெறாதவர்கள் அந்த நேரத்தில் சுமார் 17 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பெற்றவர்கள் 18. பரிசுக்காக வரைந்தவர்கள் 9 சதவீதம்கூட இல்லை!

இரண்டு பிரிவுக்கும் கிடைத்தது ஒரே சான்றிதழ்தான். அப்படியானால் குறை சான்றிதழில் இல்லை, "இதைச் செய்தால் அது" என்ற பேரத்தில் இருக்கிறது. பிடித்ததால் செய்துகொண்டிருந்த வேலை, கூலிக்குச் செய்யும் வேலையாக மனத்தில் மாறிவிடுகிறது. கூலி நின்றால் வேலையும் நிற்கிறது.

உளவியல் அறிஞர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் இதைப் பெரிய கோட்பாடாகவே வளர்த்தார்கள். நானாக விரும்பிச் செய்கிறேன், என்னால் முடிகிறது, என் மேல் அக்கறை உள்ளவர்கள் நடுவில் இருக்கிறேன் என்ற மூன்று உணர்வும் மனிதருக்கு வேண்டும் என்கிறார்கள். "இதைச் செய்தால் அது" என்ற பேரம் கெடுப்பது முதல் உணர்வைத்தான். மனமாரச் சொல்லும் பாராட்டு அப்படிக் கெடுப்பதில்லை. "முடிகிறது" என்ற செய்தியை அது கொண்டுவருகிறது.

சரி, பரிசே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஆர்வமே இல்லாத இடத்தில் இழக்க ஒன்றுமில்லை. பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்க நகரங்களில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்தே பார்த்தார். டாலஸில் ஒரு புத்தகம் படித்தால் 2 டாலர். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம். பலன் இல்லை. மதிப்பெண்ணை உயர்த்த ஆசை இருந்தும், அதற்கு என்ன செய்வதென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நம் வீடுகளில் "90 வாங்கினால் சைக்கிள்" என்கிறோமே, அதிலும் இதே ஓட்டை இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்து 1988-ல் வெளியிட்ட ஆய்வை. சில மாணவர்களின் தாளில் மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களிடம்தான் ஆர்வம் நிலைத்தது, வேலையும் மேம்பட்டது. இரண்டும் பெற்றவர்களின் ஆர்வமோ, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே சரிந்தது. அடுத்த வகுப்புத் தேர்வில் ஒரே ஒரு முறையாவது மதிப்பெண்ணைத் தாளில் எழுதாமல், எந்த வரியில் கணக்கு தவறியது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.