சூப்பர்சோனிக் என்றால் மீயொலியா?

'மீயொலி' என்றதும் பள்ளியில் அறிவியல் படித்தவர்களுக்கு வௌவால்தான் நினைவுக்கு வரும். நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, நம் காதுக்கு எட்டாத ஒலிக்குப் பாடநூல் வைத்த பெயர் அது. ஆனால் ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சூப்பர்சோனிக் விமானத்தையும் 'மீயொலி விமானம்' என்று எழுதுகிறார்கள். கான்கார்ட் என்ற பயணிகள் விமானம் கேளாத ஒலியையா எழுப்பியது? அது ஒலியை முந்திப் பறந்தால் தரையில் இருப்பவர்களுக்கு இடி இடித்தது போல் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே 1973-இல் அமெரிக்கா தன் நிலப்பரப்பின் மேல் பயணிகள் விமானங்கள் அந்த வேகத்தில் பறக்கத் தடை போட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலமும் இதே குழப்பத்தில் இருந்து வந்ததுதான். லத்தீனில் 'சூப்பர்' மேல், 'சோனஸ்' ஒலி. 1920-களில் சூப்பர்சோனிக் என்றாலே கேளா ஒலிதான். 1930-களில் வேகத்தைப் பற்றிப் பேசியவர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்; கேளா ஒலிக்கு அல்ட்ராசோனிக் நிலைத்தது. அவர்கள் பாகம் பிரித்துவிட்டார்கள், நாம் இன்னும் கூட்டுக்குடும்பம்.

'மீ' நல்ல பழைய சொல். 'மீமிசை'யில் 'மீ'க்கு 'மேல்' என்று பொருள். கணக்கில் வரும் மீ.சி.ம.-வில், அதாவது மீச்சிறு பொது மடங்கில், 'மிக' என்று பொருள். ஆக, மீயொலி என்ற சொல்லில் குறையில்லை. அதில் வேகம் எங்கே என்பதுதான் கேள்வி. 'மீயொலி வேகம்' என்றால் ஓரளவு தெளிவு. என் விருப்பம் 'ஒலிவிஞ்சு விமானம்'. ஒலியை விஞ்சும் விமானம் என்று தானாகவே விரிகிறது, வௌவாலோடு மோதாது.

எந்த ஒலியை விஞ்சுவது என்பதையும் கவனிக்க வேண்டும். 15 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி மணிக்குச் சுமார் 1,225 கி.மீ. போகும், 11 கி.மீ. உயரத்துக் கடுங்குளிரில் சுமார் 1,060 தான். அதனால்தான் கி.மீ.யை விட்டுவிட்டு, அங்குள்ள ஒலியைப் போல் எத்தனை மடங்கு என்று மாக் எண்ணில் சொல்கிறார்கள். அது இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயர்.

சரி, ஹைப்பர்சோனிக்? 'ஹைப்பர்' கிரேக்கம், பொருள் அதே மேல்தான். சூப்பருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். 1946-இல் சீன விஞ்ஞானி சியென் ஷ்வே-சென் தன் ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்திய பிறகு இந்தச் சொல் பரவியது. மாக் 5-க்கு மேல் என்பது ஒரு வசதிக்கான எல்லை. அந்த வேகத்தில் விமானத்தின் முன் அழுந்தும் காற்றே ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும். இன்னும் வேகம் கூடினால் காற்றின் மூலக்கூறுகளே உடையத் தொடங்கும். தமிழில் 'அதிமீயொலி' என்கிறார்கள். வடமொழி 'அதி'யும் தமிழ் 'மீ'யும் சேர்ந்த கலப்பு. மூலச்சொல்லே கிரேக்க–லத்தீன் கலப்பு என்பதால் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மேலுக்கு மேல் ஒலி என்பதைவிட 'ஐம்மடங்கு ஒலிவேகம்' சட்டென்று புரியும்.

பயணிகளோடு ஒலியை விஞ்சிப் பறந்த விமான வகைகள் இரண்டுதான்: சோவியத்தின் டியூ-144, பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து செய்த கான்கார்ட். முன்னது 1977, 78-இல் கொஞ்ச காலம் ஆட்களை ஏற்றியது. கான்கார்ட் 1976 முதல் 2003 வரை மாக் 2-இல் பறந்தது. லண்டன்–நியூயார்க் சுமார் மூன்றரை மணி நேரம். ஐம்மடங்கு வேக விமானத்தில் டிக்கெட் வாங்கிப் போனவர் இன்றுவரை யாரும் இல்லை. 2025 ஜனவரி 28-இல் ஒலியைத் தாண்டிய எக்ஸ்பி-1 கூட ஒரே விமானி ஓட்டிய சோதனை விமானம், வேகம் மாக் 1.1-ஐ ஒட்டி. அதைச் செய்தியாக எழுதுபவர் ஹைப்பர்சோனிக் பக்கம் போக வேண்டாம், ஒலிவிஞ்சு போதும்.