வெண்ணெய் அப்பிய குளம்புகள்

1901 மார்ச் 29. லிவர்பூல் அருகே எயின்ட்ரீ திடலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற தடை தாண்டும் குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனல் நடக்க வேண்டிய நாள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், 30 தடைகள். தள்ளிவைக்கச் சொல்லி ஜாக்கிகள் கேட்டும் நிர்வாகிகள் இணங்கவில்லை. ஜாக்கிகள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

24 குதிரைகள் ஓடின. ஆர்தர் நைட்டிங்கால் ஓட்டிய க்ரூடன் ஜெயித்தது. அதன் உரிமையாளரும் பயிற்சியாளருமான பெர்னார்ட் பிளெட்சோ ஒரு வேலை செய்திருந்தார்: குளம்புகளின் அடியில் வெண்ணெயை அப்பிவிட்டிருந்தார்.

வெண்ணெய் எதற்கு? குளம்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கிண்ணம்போல் லேசாகக் குழிந்திருக்கும். அதன் விளிம்பில் இரும்பு லாடம் அடித்ததும் குழி இன்னும் ஆழமாகிவிடும். பாய்ந்தோடும்போது ஒரே காலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை விசை இறங்கும். அந்த அழுத்தத்தில் குழிக்குள் புகுந்த பனி இறுகிக் கட்டியாகிறது.

மார்ச் கடைசியில் பெய்யும் பனி இதற்கு ரொம்பத் தோதானது. கடுங்குளிரில் பனி மாவுபோல உதிரும், ஒட்டாது. உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பனியிலோ துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அமுக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். குளம்பின் கதகதப்பில் இன்னும் கொஞ்சம் உருகும் நீர், குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் உறைந்து, கட்டியை லாடத்தோடு சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் கட்டி வளர்ந்துகொண்டே போகும். உருண்டைக் கல்லின் மேல் நிற்பதுபோலக் குதிரை தடுமாறும். தடையைத் தாண்டி இறங்கும் நொடியில் கணுக்கால் புரண்டால் குதிரையும் போச்சு, மேலே இருப்பவர் கதியும் அதேதான்.

இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறோமே, வெண்ணெய் செய்ததும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் இறுகப் பிணைந்துகொள்ளும், கொழுப்போடு அவ்வளவாகச் சேராது. அதனால் பனி நேராகக் குளம்பையோ இரும்பையோ பற்ற முடியாமல் இடையில் ஒரு படலம் நிற்கிறது. குழியும் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் பனி தங்க இடம் குறைவு. மீறி ஒட்டினாலும், மேலாக ஒரு அடுக்கு வெண்ணெயோடு பிய்ந்து விழுந்துவிடும். வெண்ணெய் உருக 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தக் குளிரில் அது கெட்டியாகவே கிடந்திருக்கும், எண்ணெயைப் போல வழிந்து போயிருக்காது.

ஆனாலும் அது தேயும். பாயும் குதிரையின் ஒரு குளம்பு விநாடிக்கு இரண்டு முறைக்கு மேல் தரையை அறையும். பந்தயம் சுமார் பத்து நிமிடம், அதாவது ஆயிரம் முறைக்கும் மேல் அறையும். பத்து நிமிடத்துக்கு அப்படியொரு பூச்சு தாக்குப்பிடிக்கும். நாள் முழுக்கப் பனியில் நடக்கிற குதிரைக்குப் போதாது. இன்று பனி நாடுகளில் லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே புடைப்புள்ள ஒரு நெகிழ்வான அட்டையைப் பொருத்துகிறார்கள். அடி விழும்போது புடைப்பு அமுங்கி, கால் தூக்கியதும் நிமிர்ந்து, சேர்ந்த பனியை உந்தித் தள்ளிவிடும். அது கையில் இல்லாதவர்கள் வாஸலினையோ சமையல் எண்ணெயையோ தடவுகிறார்கள்.