டெங்கு எப்போது ஊருக்கு வந்தது? வயதுவாரியாக ரத்தம் பார்த்தால் தெரியும்

தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் போய் "இங்கே யாருக்கெல்லாம் டெங்கு வந்திருக்கு?" என்று கேட்டால் நாலைந்து பேர் கை தூக்குவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்து, தட்டணு குறைந்து, பப்பாளி இலைச் சாறெல்லாம் குடித்து மீண்டு வந்தவர்கள். மற்றவர்கள் "எங்களுக்கெல்லாம் வந்ததே இல்லை" என்பார்கள், உண்மையாகவே நம்பித்தான் சொல்வார்கள். ஆனால் அவர்களிடமும் ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் டெங்கு வைரஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது தொற்றியதே தெரியாது. ஒன்றும் நடக்காது, அல்லது இரண்டு நாள் உடம்பு சூடாகி ஒரு பாராசிட்டமால் மாத்திரையோடு போய்விடும். ரத்தத்தில் மட்டும் அதன் தடம் இருக்கும். அந்தத் தடத்துக்குப் பெயர்தான் ஆன்டிபாடி, எதிர்ப்புப் புரதம்.

இதில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஐஜிஎம் என்பது காய்ச்சல் வந்து நாலைந்து நாளில் தலைகாட்டி, இரண்டு மூன்று மாதத்தில் மறைந்துவிடும். ஐஜிஜி மெதுவாக வந்து பல வருஷங்கள், பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். இப்போது யாருக்குக் காய்ச்சல் என்று பார்க்கும் டாக்டருக்கு ஐஜிஎம் வேண்டும். ஊரின் பழைய கதையைத் தோண்டுகிறவருக்கு ஐஜிஜிதான்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உள்ளங்கை அளவில் 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் டெங்கு வைரஸின் புரதத்தை ஏற்கனவே ஒட்டவைத்திருப்பார்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த தெளிந்த சீரத்தை நூறு மடங்கு நீர்க்கச் செய்து குழியில் விடுவார்கள். அதில் டெங்கு ஐஜிஜி இருந்தால் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், கழுவினாலும் போகாது. அடுத்ததாக, மனித ஐஜிஜியைத் தேடிப்போய் ஒட்டும் இன்னொரு ஆன்டிபாடியை, வாலில் ஒரு நொதியைக் கட்டி, ஊற்றுவார்கள். மறுபடி கழுவல். கடைசியாக ஒரு நிறமற்ற திரவம். நொதி அங்கே இருந்தால் சில நிமிஷத்தில் குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாக மாறும், அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று ஒரு கருவி அளக்கும். எலைசா எலைசா என்று சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். இதில் கழுவுவதுதான் பாதி வேலை. சரியாகக் கழுவாத தட்டில் ஒன்றும் இல்லாதவர் குழிகூட மஞ்சளாக நிற்கும்.

சரி, ஐஜிஜி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எப்போது தொற்றியது? அதை அது சொல்லாது. தேர்தலில் விரலில் வைக்கும் மை மாதிரி: ஓட்டுப் போட்டவர் என்று காட்டும், காலையில் போட்டாரா மாலையில் போட்டாரா என்று காட்டாது. அதனால்தான் வயது தேவைப்படுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐஜிஜி இருந்தால், கொசு அந்த எட்டு வருஷத்துக்குள்தான் கடித்திருக்க முடியும். நாற்பது வயதுக்காரருக்கு நாற்பது வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும். ஒருவரை மட்டும் பார்த்தால் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே வாரத்தில் எல்லா வயதினரிடமும் ரத்தம் எடுத்து, எந்த வயதில் எத்தனை சதவீதம் என்று வரிசையாக வைத்தால், ஊரின் முப்பது நாற்பது வருஷக் கதை கைக்கு வந்துவிடும்.

கணக்கு கஷ்டமில்லை. இதுவரை தொற்றாதவர்களில் வருஷத்துக்கு 100-க்கு 5 பேரை வைரஸ் பிடிக்கிறது, எல்லா வருஷமும் இதே வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் 40 சதவீதம் பேருக்கு ஐஜிஜி இருக்கும், இருபதில் 64, நாற்பதில் 87. முதலில் வேகமாக ஏறி, பிறகு தொற்றாதவர்கள் குறையக் குறைய மெதுவாக வளையும் கோடு.

இப்போது நிஜ எண்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-18இல் 15 மாநிலங்களில் 12,300 பேரிடம் ரத்தம் எடுத்து டெங்கு ஐஜிஜி பார்த்தது. 5 முதல் 8 வயதில் 28.3 சதவீதம், 9 முதல் 17 வயதில் 41, 18 முதல் 45 வயதில் 56.2. தென்மாநிலங்களை மட்டும் எடுத்தால், எல்லா வயதும் சேர்த்து 76.9 சதவீதம். நம் பென்னாகரம்காரர்கள் "வந்ததே இல்லை" என்று சொல்வதை இதோடு வைத்துப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளின் 28.3-ஐ எடுத்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 5 சதவீதம்தான் வருகிறது. அதே வேகம் முன்பும் இருந்திருந்தால், முப்பது வயதுக்காரர்களில் கிட்டத்தட்ட 78 சதவீதம் பேருக்கு ஐஜிஜி இருந்திருக்க வேண்டும். கிடைத்ததோ 56. மீதி எங்கே போயிற்று? இன்றைய பெரியவர்கள் சிறுவர்களாக இருந்தபோது டெங்கு இந்த அளவுக்குப் பரவவில்லை, இன்றைய பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு: கொசு மொய்க்கும் ஊரையும், டெங்குவே எட்டிப்பார்க்காத ஊரையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தாலும் கோடு இப்படித்தான் தட்டையாகும். இரண்டாவது இல்லை என்று உறுதிசெய்யாமல் முதலாவதை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது சரியில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

சிக்குன்குனியாவில் கோடு வேறு மாதிரி. அது 1963இல் கொல்கத்தாவிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் வந்து, 1973க்குப் பிறகு காணாமல் போய், 2005-06இல் திரும்ப வந்தது. திரும்பி வருவதற்கு முந்தின நாள் சென்னையில் ரத்தம் எடுத்திருந்தால், நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் ஆன்டிபாடி இருந்திருக்கும், இருபது வயதுக்காரர்களிடம் பூஜ்யம். சரிவுக்குப் பதில் ஒரு படிக்கட்டு. அந்தப் படி எந்த வயதில் நிற்கிறது என்று பார்த்தே, வைரஸ் எந்த வருஷம் வந்துபோனது என்று சொல்லிவிடலாம்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தால் நான் முதலில் பார்க்க நினைப்பது தண்ணீரை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடு தொல்லைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது, நல்ல விஷயம். ஆனால் குழாய் வந்தாலும் டிரம் போகவில்லை, நாளைக்கு வருமோ வராதோ என்று எல்லாரும் பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அது சாகாது, மறுபடி நிரப்பினால் பொரிந்துவிடும். டிரம்மைக் கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்று வீட்டுக்கு வரும் கொசுப் புழு ஒழிப்புப் பணியாளர்கள் தலைப்பாடாகச் சொல்வது இதனால்தான். 2013க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் கோடு செங்குத்தாகிறதா, சரிகிறதா என்பதை ரத்தமே சொல்லும்.

அப்புறம் பெங்களூர். பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர்களின் ஐஜிஜி எந்த ஊர்க் கொசு தந்தது? இருபது முப்பது வயது ஆண்களிடம் மட்டும் எண் திடீரென்று எகிறினால், அது உள்ளூர்க் கதையாகவே இல்லாமல் போகலாம். ஓசூரில் இதற்கு நேர்மாறு. கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் டெங்கு ஐஜிஜி மிகவும் குறைவு; அங்கிருந்து வேலைக்கு வந்தவர்களைச் சேர்த்தால் எண் இறங்கும். காலை பதினொரு மணிக்கு வீடு வீடாகப் போனால் இவர்களில் பாதிப்பேர் வீட்டில் இருக்கமாட்டார்கள் என்பது தனிப் பிரச்சினை. அதனால் படிவத்தில் "கடந்த சில வருஷம் எங்கே இருந்தீர்கள்" என்ற கேள்வி அவசியம் வேண்டும்.

சோதனையும் ஏமாற்றும். மூளைக்காய்ச்சல் தரும் ஜப்பானிய என்செபாலிடிஸ் வைரஸ் டெங்குவுக்குப் பங்காளி முறை, அதன் தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் டெங்கு குழி மஞ்சளாகலாம். கைக்குழந்தையின் ரத்தத்தில் இருப்பது அம்மாவிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்த ஐஜிஜி, ஒரு வயதுக்குள் கரைந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெட்டு இந்தக் கோட்டை வரைவது எதற்கு? டெங்குவில் நான்கு வகை. ஒன்று வந்தவருக்கு அதே வகை திரும்ப வராது. ஆனால் வேறு வகை வந்தால், பழைய ஆன்டிபாடியே வைரஸை செல்லுக்குள் கூட்டிக்கொண்டு போய் நோயைக் கடுமையாக்கலாம். டெங்வாக்ஸியா என்ற தடுப்பூசியை 2016இல் பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் எட்டு லட்சம் பிள்ளைகளுக்கு மேல் போட்டார்கள். முன்பு டெங்கு தொற்றாத பிள்ளைகளுக்கு அந்த ஊசியே முதல் தொற்று மாதிரி வேலை செய்கிறது, பிறகு நிஜ டெங்கு வந்தால் ஆபத்து கூடுகிறது என்று 2017 கடைசியில் தெரிந்ததும் திட்டத்தை நிறுத்தினார்கள். அதன் பிறகு, ஊசிக்கு முன் ஆளுக்கு ஆள் ரத்தம் பார்க்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் ஒரே டோஸில் போடும் டெங்கிஆல் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அது தேறி வந்தால் அடுத்த கேள்வி எந்த வயதில் போடுவது என்பது, அதற்குப் பென்னாகரத்தில் கிடைக்கும் பதில் அசாமுக்குப் பொருந்தாது.